நீ முகர்ந்து பார்க்காத பிராந்தி

என் புடவைத் தலைப்பில் இன்னும் அந்த வாடை இருக்கிறது. நேற்று மாலை வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு அலசினேன். இன்று காலை எலுமிச்சம்பழம் பிழிந்து மறுபடியும் அலசினேன். இப்போது கரமனை வீட்டின் பால்கனிக் கொடியில் காய்கிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வந்து மூக்கில் ஒட்டுகிறது. சமையலறையிலிருந்து மகள், "அம்மா, அங்க என்னதும்மா நாறுகு?" என்று கேட்டாள். "பிராந்தி" என்றேன். எட்டி என் முகத்தைப் பார்த்தாள்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இருந்திருந்தால் அந்தத் தலைப்பை வெடுக்கென்று கையில் வாங்கி முகர்ந்திருப்பாய். "நாத்தம்னு பொத்தாம்பொதுவாச் சொல்லாதேடி, என்ன நாத்தம்னு சொல்லு" என்று என்னைப் பிடித்து உலுக்கியிருப்பாய். பரிசோதனைக்கூடத்தில் எத்தனை வருஷம் இதைக் கேட்டிருப்பேன்! அதனால் பொத்தாம்பொதுவாக இல்லாமல் நேற்று நடந்ததை உனக்கு ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

போன வாரம் சின்ன முதலாளி ஃபோன் செய்தார். அவர் அப்பா, பெரியவர், படுக்கையில் விழுந்துவிட்டதால் கம்பெனி இப்போது அவருடைய பொறுப்பில். ஓய்வு பெற்றபின் அங்கிருந்து எனக்கு வந்த முதல் ஃபோன் அது.

"மேடம், ஃப்ரான்ஸ்ல இருந்து ஒரு பிராந்தி கொண்டுவந்திருக்கேன். சுத்தத் திராட்சையில காய்ச்சினது. நாப்பது வருஷம் ஒரே பீப்பாயில கிடந்தது. ஞாயித்துக்கிழமை உச்சைக்கு, பன்னெண்டு மணிக்கு, ஹோட்டல்ல வச்சுப் பாட்டிலைப் பொட்டிக்கப் போறோம். நிங்க நிச்சயமா வரணும் கேட்டீங்களா?"

திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாளத்து ஊருக்கு, சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்ய வந்த குடும்பம். நாலாவது தலைமுறையில் தமிழ் இப்படியாகியிருக்கிறது. போகவேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 'ஒரே பீப்பாய்' என்ற சொல்தான் என்னைப் பிடித்து இழுத்தது. அது உன்னுடைய சொல்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நெடுமங்காடு தாண்டி விதுரா போகும் சாலையில் நம் தொழிற்சாலை. கிழக்கே கோட்டை நிறுத்தத்தில் காலை பஸ்ஸில் இருவரும் ஏறுவோம். நீ கோட்டைக்குள் அக்கிரகாரத்திலிருந்து நெற்றியில் விபூதிக் கீற்றோடு வருவாய். கையில் மோர்சாதம் இருக்கும். உன் அம்மாவிடம் மருந்துக் கம்பெனி என்று சொல்லி வைத்திருந்தாய். மாலையில் திரும்பியதும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் வாசற்படி தாண்டமாட்டாய். ரசாயனம் படித்த பெண்ணுக்கு அப்போது இந்த ஊரில் கிடைத்த வேலை பிராந்திக் கம்பெனிப் பரிசோதனைக்கூடம். எனக்கும் அப்படித்தான். நாம் இருவரும் அந்தப் பண்டத்தை வெறுத்துக்கொண்டே அதோடு வாழ்ந்தோம்.

நம் பிராந்திக்கு வயதே கிடையாது. காலையில் டாங்கர் லாரியில் வரும் வெல்லப்பாகு ஸ்பிரிட், தண்ணீரும் கருக்கிய சர்க்கரையும் எசன்ஸும் சேர்ந்து, சாயங்காலம் பாட்டிலுக்குள் பிராந்தியாகப் போய்விடும். நான் வாயில் ஒரு மிடறு வைத்துப் பார்த்துத் துப்புவேன். நீ அதுவும் மாட்டாய். உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து, இரண்டு கைகளையும் குவித்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்வாய். உன் முகம் சுளிக்கும். எந்த அளவுக்குச் சுளிக்கிறது என்று பார்த்தே நான் பாதி ரிப்போர்ட்டை எழுதிவிடுவேன். மலையாளத்து ஃபோர்மேன்கூட, "அம்மாளின்டெ மூக்கு மதி, மெஷீன் வேண்டா" என்பார். உன் மூக்கே போதுமாம்.

யாரோ விட்டுப்போன ஒரு வெளிநாட்டுத் தொழில் பத்திரிகை நம் அலமாரியில் கிடந்தது. அதில் ஒரு நிலவறைப் படம். சுவரெல்லாம் கரும்பூஞ்சை, வரிசையாகப் பீப்பாய்கள். மதியம் சாப்பிடும்போது நீ அதை எடுத்து விரித்து வைத்துக்கொள்வாய்.

"ஒத்தப் பீப்பாடி. நாப்பது வருஷம். வேற ஒண்ணும் சேக்காம, எதோடயும் கலக்காம. ஒரு தடவை மோந்து பாத்தாப் போறும் எனக்கு. குடிக்கவேண்டாம்."

"உங்க அம்மைட்ட மருந்துன்னு சொல்லிக் கொண்டுபோ" என்பேன். மோர்சாதம் புரையேறச் சிரிப்பாய்.

ஆக, உனக்குப் பதிலாக நான் போனேன்.

ஹோட்டலின் மேல்மாடியில் ஒரு நீள மேசை. கடல் பக்கம் கண்ணாடிச் சுவர். சின்ன முதலாளியைத் தவிர ஆறு பேர் இருந்தார்கள். ஒரு ஓய்வு பெற்ற டாக்டர், அவர் மனைவி, கட்டடம் கட்டி விற்கிற ஒருவர், வெளிநாட்டில் சம்பாதித்துத் திரும்பிய ஒரு தம்பதி, பிறகு விளம்பரம் எழுதுகிற ஓர் இளம்பெண். பீங்கான் தட்டில் வறுத்த முந்திரி. கருத்த, தோள் அகன்ற பாட்டிலைச் சின்ன முதலாளி கர்ப்பகிரகத்திலிருந்து விக்கிரகத்தை எடுத்து வருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். எல்லோரும் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

வாய் குறுகிய கிளாஸில் எனக்கு இரண்டு விரல் அளவு ஊற்றினார்கள். நிறம் பழைய நெல்லிக்காய்த் தேன்போல இருந்தது. பழக்கதோஷத்தில் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்தேன். டாக்டரின் மனைவி பதறிப்போய், "அய்யோ, அது களையல்லே!" என்றாள், வீணாகிறதே என்று. நான் முகர்ந்தேன்.

கேள். முதலில் காய்ந்த ஆரஞ்சுத் தோல். அது ஒரு கணம்தான். அதன் பின்னால் காறிய தேங்காயெண்ணெய், எண்ணெய் விட்டுப்போன அக்ரோட்டுப் பருப்பு, மழையில் நனைந்து காயாமல் கிடந்த பலகை, பூட்டிக் கிடந்த அறையின் பூஞ்சை. எல்லாவற்றுக்கும் அடியில் பழைய தோல் செருப்பு. உனக்கு இது பரவசமாக இருந்திருக்குமோ என்னவோ. எனக்குக் குமட்டியது. வாயில் வைத்தேன். நாற்பது வருஷம் ஊறிய மரக்கட்டையைச் சப்புவதுபோல நாக்கு வறண்டு துவர்த்தது. பிறகு கசந்தது. தொண்டை எரிய ஆரம்பித்ததும் துப்ப இடம் தேடினேன். பரிசோதனைக்கூடம் என்றால் தொட்டி இருக்கும். அங்கே மேசைமேல் பூப்போல மடித்து வைத்த துணிகள்தான் இருந்தன. முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவைத் தலைப்பிலேயே துப்பினேன். இத்தனை வயதுக்கு எனக்கு வந்த கதியைப் பார்.

மற்றவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஸ்மூத்!"

"தேன் மாதிரி இறங்குது."

கட்டடக்காரர் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுத் தும்மினார். அவருக்கு அடுத்த கிளாஸ் ஊற்றினார்கள். முந்திரியை மென்றபடியே பேசினார். மென்றது பல்லிடுக்கில் தெரிந்தது. பாட்டிலில் எழுதியிருந்த ஃப்ரெஞ்சுப் பெயரை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். அந்த மேசையில் ஒருவருக்காவது அது பிடித்திருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் இரண்டாவது கிளாஸ் வந்தது.

"இது நம்ம புதுசு மேடம்" என்றார் சின்ன முதலாளி. "அடுத்த மாசம் மார்க்கெட்ல இறக்கறோம். ரெண்டும் ஒரே குடும்பம் மாதிரி இல்லே? முப்பது வருஷம் அனுபவம் உள்ள கெமிஸ்ட் நிங்க. வீடியோவுக்கு ரெண்டு வாக்கு சொன்னா மதி."

விளம்பரப் பெண் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வழவழப்பான மடிப்புத்தாளை வைத்தாள். அதன் அட்டையில் நீ இருந்தாய்.

தொழிற்சாலை ஆண்டுவிழாவுக்காக எடுத்த படம். கையில் கிளாஸ், மூடிய கண், நெற்றியில் விபூதி. அந்தப் படத்தில் நீ முகர்ந்துகொண்டிருக்கிறாய். அவர்கள் அதைக் கீழே வெட்டி, நிறம் ஏற்றி, நீ குடித்துச் சொக்கிப்போய் நிற்பதுபோல ஆக்கியிருந்தார்கள். பக்கத்தில் உன் பெயர். எங்கள் பிராந்தியின் ஒவ்வொரு துளியையும் ரசித்துச் சுவைத்த பெண்மணி, அவர் நாக்கு தந்த ருசி இது, என்று மூன்று மொழியில் போட்டிருந்தது. நான் வாய்க்குள் உன் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அந்தத் தாளில் அது ஒரு சரக்கின் பெயர் மாதிரியே இருந்தது.

இரண்டாவது கிளாஸை முகர்ந்தேன். வாயில் வைக்கவில்லை. மரப்பொடி, வெனிலா எசன்ஸ், அடியில் அதே வெல்லப்பாகு ஸ்பிரிட். நீ தினமும் எதைக் கிணற்றடியில் கழுவிவிட்டுப் போனாயோ, அதே.

அந்த ஓணம் ஞாபகம் வந்தது. அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

ஓணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு டாங்கர் வந்தது. கருவியில் எல்லா அளவும் சரியாக இருந்தது. நீ கையில் தேய்த்து முகர்ந்ததும் கையை உதறினாய். "செத்த எலிடி. அதுக்கு மேல ரப்பர் கருகின வாடை. இதைக் கலக்கப்படாது." உன்னால் ரிப்போர்ட்டில் அதற்குமேல் எழுத முடியவில்லை. மூக்குக்குத் தெரிவது தாளில் எண்ணாக வராது. மேனேஜர் வந்து கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார். நீ கையெழுத்துப் போடவில்லை. கெமிஸ்ட் இரண்டு பேர் இருக்கும்போது ஒரு கையெழுத்துப் போதும் என்று யாருக்கோ தோன்றியது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீட்டில் அப்போது என் சம்பளம் ஒன்றுதான். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அப்போதைய நிலைமை அது.

நீ சாப்பிடப் போயிருந்தாய். மேனேஜர் அறைக்குப் போகும் முன் நான் பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். சாம்பிள் பாட்டிலைத் திறந்து, உன்னைப்போலவே கையில் தேய்த்து முகர்ந்தேன். நீ சொன்னது அப்படியே இருந்தது. செத்த எலி. கருகின ரப்பர். பாட்டிலை மூடினேன். கையைக் கழுவினேன். போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அன்று திரும்பி வரும் பஸ்ஸில் நெடுமங்காடு தாண்டியாயிற்று. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாய்.

"கையெழுத்துப் போட்டது சாரமில்லை, போகட்டும். உனக்கும் குடும்பம் இருக்கு. மோந்து பாத்துட்டாப் போட்டே?"

"இல்லை" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினாய்.

அந்தச் சரக்கு ஓணத்துக்கு ஊரெல்லாம் போயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று கம்பெனியில் சொல்லிக்கொண்டார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று அறிய நமக்கு வழி ஏது? ஓணம் முடிந்ததும் உன்னைப் பாட்டில் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். "அங்கே உங்க மூக்குக்குத் தொந்தரவு இருக்காது" என்று பெரியவர் சொன்னதாக மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். ஊர்க் குப்பையிலிருந்து திரும்பி வந்த பாட்டில்கள். உள்ளே கரப்பான், பீடித்துண்டு, எச்சில், இன்னும் வாயால் சொல்லக் கூசுவதெல்லாம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் அந்தத் தண்ணீரில் நின்றாய். பிறகு ஒரு நாள் பஸ்ஸுக்கு நீ வரவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாய் என்று கேள்விப்பட்டேன். நான் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

அப்படி விரட்டிவிட்ட உன் படத்தைத்தான் அட்டையில் போட்டிருக்கிறார்கள்.

விளம்பரப் பெண் ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். சின்ன முதலாளி ஊக்கப்படுத்துகிற மாதிரி தலையை ஆட்டினார். நான் பேசினேன்.

"முதல் கிளாஸ் எனக்குப் பிடிக்கல. காறின எண்ணெயும் நனைஞ்ச பலகையுமா நாறுகு. ஆனா அதில உள்ளது அத்தனையும் அதுக்குள்ளதுதான். இந்த ரெண்டாவது கிளாஸில மரப்பொடியும் எசன்ஸும் நம்ம பழைய ஸ்பிரிட்டும் இருக்கு. ஒரு வாரம்கூட ஆகாத சரக்கு. இந்தப் படத்தில நிக்கவ ஒரு சொட்டு குடிச்சவ இல்ல. மோந்து பாத்தா, அவ்வளவுதான். ஒரு ஓணத்துக்கு வந்த சரக்கை அவ வேண்டாம்னு சொன்னா. அவளைப் பாட்டில் கழுவ அனுப்புனது உங்க அப்பா. அந்தச் சரக்குக்குக் கையெழுத்துப் போட்டது நான். நாறுகுன்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

வெளியே வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்வதைக் கேட்க நீ இல்லை. கேட்டவர்கள் யார் என்று பார்.

ஓய்வு பெற்ற டாக்டர், "அப்போ அந்த ஓணத்துக்கு நானும் அதான் குடிச்சிருப்பேன்! எனிக்கு ஒண்ணும் ஆயில்லல்லோ!" என்று தொப்பை குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததும் கட்டடக்காரர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சின்ன முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் தணிந்த குரலில், "அது கட் செய்யு" என்றார். மறுபடி பாட்டில் சுற்றி வந்தது. நான் எழுந்தேன். அட்டையில் உன் படம் போட்ட தாள்களை ஒவ்வொருவர் முன்னாலிருந்தும் எடுத்தேன். டாக்டர் தன்னுடையதின்மேல் முந்திரித் தோலைக் கொட்டி வைத்திருந்தார். அதை உதறி எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. கிழவிக்கு இரண்டு சொட்டிலேயே ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

லிஃப்டுக்கு நிற்கும்போது சின்ன முதலாளி பின்னால் வந்தார். "மேடம், அதொக்கெ பழைய காரியம். அவங்களை கௌரவிக்கத்தானே போட்டோ வச்சோம்?"

"அவளோட தம்பி கோட்டைக்குள்ளதான் இருக்கான். இந்தத் தாளோட நேரா அங்கதான் போறேன். வக்கீல் அவன்" என்றேன்.

உன் தம்பி வக்கீல் இல்லை, கோயில் ஆபீசில் இருந்தவன் என்று எனக்குத் தெரியும். பொய்தான். இந்த ஒரு பொய்க்கு எனக்கு வருத்தமில்லை.

இன்று காலை பத்து மணிக்கு ஃபோன் வந்தது. உன் படத்தையும் பெயரையும் எடுத்துவிடுகிறார்களாம். அச்சடித்ததையெல்லாம் அழித்துவிட்டார்களாம். "வெறுதே ஒரு கேஸ் எதுக்கு மேடம்?" என்றார். தப்பு என்று தோன்றியதால் அல்ல, கேஸுக்குப் பயந்து. எதற்காகவானாலும் உன் முகம் அந்தப் பாட்டில்மேல் வராது. அந்தச் சரக்கு வேறொரு முகத்தோடு வரத்தான் போகிறது. அதை என்னால் நிறுத்த முடியாது.

இனி நமக்குள் இருக்கும் பாக்கி.

கொரோனாக் காய்ச்சல் காலத்தில் உன் மூக்குக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது என்று உன் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் கழித்து உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். பழசு எதையும் பேசாமல், நீ அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்து வந்து நீட்டினாய். "பால் திரிஞ்சிருக்கான்னு மோந்து சொல்லேன். எனக்கு ஒரு எழவும் தெரியறதில்லை." முகர்ந்தேன். "திரியலை" என்றேன். அதிலேயே காப்பி போட்டுக் கொடுத்தாய். அதற்கப்புறம் வாரம் ஒரு முறை வந்தேன். நெய், ஊறுகாய், துவைத்த துணி, மழைக்குப் பிறகு பின்கட்டுச் சாக்கடை, எல்லாவற்றையும் எனக்குக் காட்டினாய். நான் என்ன வாசனை என்று சொல்லுவேன். நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொள்வாய்.

கடைசி மாதம் நீ எழுந்திருக்கவில்லை. முதுகில் புண் வந்துவிட்டது. தம்பி மனைவி எவ்வளவோ துடைத்தாள், மாற்றினாள். ஆனாலும் அறைக்குள் நுழையும்போதே நாற்றம் வந்து அடிக்கும். உன்னிடம் எனக்கு அருவருப்பு வந்தது. எழுதவே கை கூசுகிறது, ஆனால் வந்தது. வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு உள்ளே வருவேன்.

ஒரு நாள் மதியம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"என் மேல நாத்தம் அடிக்கறதா? நிஜத்தைச் சொல்லு."

"இல்லை" என்றேன்.

உன் உதடு ஓரம் அசைந்தது. சிரிப்பா, வலியா, எனக்குத் தெரியவில்லை.

"அன்னிக்குப் பஸ்ஸிலயும் இதே மாதிரிதான் இல்லைன்னே" என்றாய்.

பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "முதுகுக்குப் பவுடர் போட்டு விடு" என்றாய். போட்டு விட்டேன். புண்ணைச் சுற்றி, மெல்ல, நீ போதும் என்று சொல்லும்வரை. நீ சொல்லவேயில்லை.

அத்தனை வருஷமும் உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பாலையும் நெய்யையும் என் மூக்குக்கு நீட்டினாய். நான் திரியவில்லை என்று சொன்ன பாலை, மறுபேச்சில்லாமல் அடுப்பில் வைத்தாய்.